தொண்டியாருக்கு முன்பே தண்டையார்பேட்டை

தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் வடசென்னையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். குணங்குடி மஸ்தான் சாகிபு இங்கே வந்து தங்கினார். அவர் தொண்டிப் பக்கத்துக்காரர். அதனால் மக்கள் அவரைத் தொண்டியார் என்று அழைத்தார்கள். தொண்டியார்பேட்டை நாளடைவில் தண்டையார்பேட்டை ஆகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பு, ஊர்ப் பெருமை பேசும் காணொளி என்று எங்கு பார்த்தாலும் இந்தக் கதை வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஞானி ஒருவரின் பெயரோடு ஊர் ஒட்டிக்கொள்கிறது, மதங்களைக் கடந்த நட்புக்கும் சான்றாகிறது. ஆனாலும் அது உண்மை அல்ல.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னப்பட்டினத்தைச் சுற்றியிருந்த ஊர்களை ஒவ்வொன்றாகத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 1693-இல் அப்படிக் கிடைத்தவை மூன்று: எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை. கம்பெனியின் பழைய எழுத்துகளில் மூன்றாவது ஊரின் பெயர் ‘தண்டோர்’ என்று இருக்கிறது. குணங்குடியார் பிறந்ததோ பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில். மறைந்தது 1838-இல். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர் அந்தப் பெயரோடு ஒரு ஆவணத்தில் உட்கார்ந்திருக்கிறது. பிறக்காத ஒருவரின் பெயரை எந்த ஊரும் வைத்துக்கொள்ள முடியாது. இதற்கு மேல் வாதம் தேவையில்லை. ஆனால் இந்தப் பிழை எங்கிருந்து வந்தது, எதை மறைக்கிறது என்பதைப் பேசித்தான் ஆகவேண்டும்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. இதனால் குணங்குடியாருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. சுல்தான் அப்துல் காதிர் என்ற இயற்பெயரோடு இராமநாதபுரத்துக் குணங்குடியில் பிறந்து, துறவியாக இங்கு வந்து சேர்ந்தவர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர் மீது நான்மணிமாலை பாடினார். ஒரு சைவப் புலவர் ஒரு சூஃபி ஞானியைத் தமிழால் மாலை சூட்டி வணங்கிய மண் இது. அந்த உறவுக்கு அவர் பாடல்களும், அவர் அடங்கிய தர்காவும், அங்கே இன்றும் வந்து நிற்கிற மக்களும் சாட்சி. ஊர்ப்பெயர் என்ற பட்டா எதற்கு? இல்லாத பட்டாவை அவர் கையில் கொடுத்தால், நாளைக்கு யாராவது 1693-ஐ எடுத்துக் காட்டி அதைப் பிடுங்குவார்கள்; அப்போது பட்டாவோடு சேர்த்து அந்த உறவையும் பொய் என்று சொல்லப் பார்ப்பார்கள். எனக்கு இருக்கிற கவலைகளில் பெரியது அதுதான்.

பிழை பிறந்த வழி எனக்கு இப்படித்தான் தெரிகிறது. ஊர்க்காரர் வாயில் அது ‘தண்டையார்பேட்டை’. ஆங்கிலத்தில் அதை எழுதியவர்கள் தங்கள் காதுக்கு எட்டியபடி ‘டோண்டியார்பேட்’ என்று எழுதினார்கள். ரயில் நிலையம், தபால் முத்திரை, பேருந்துப் பலகை என்று அந்த எழுத்து ஊன்றிப்போனது. பிறகு, ஆங்கில எழுத்தைப் படித்து வளர்ந்த தலைமுறை அதைத் திரும்பத் தமிழாக்கியபோது ‘தொண்டியார்’ கிடைத்தார். ஊருக்குள் தொண்டிப் பக்கத்து ஞானி ஒருவரின் அடக்கத்தலமும் இருக்க, கதை தானாகக் கூடிக்கொண்டது. ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்போடு பொருத்த வேண்டும் என்று 2020-இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பெயர்களுக்குப் புதிய ஆங்கில எழுத்துமுறையை வெளியிட்டது. அதில் தண்டையார்பேட்டையும் இருந்தது. எழுத்துமுறை குழப்பமாக இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்ப, அந்த ஆண்டு ஜூன் மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த எழுத்துமுறையில் குறைகள் இருந்தன. ஆனால் அந்த ஆணை தொட்ட நோய் உண்மையானது: அயல் எழுத்தின் வழியாக நம் ஊர்ப்பெயரை நாமே தவறாகப் படிக்கிறோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஹவாய்த் தீவுகளில் லானாஇ என்று ஒரு தீவு உண்டு. அந்த மொழியில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஓசை தனி மெய்யெழுத்து. நெட்டுயிருக்கும் தனிக்குறி உண்டு. வெறும் ஆங்கில எழுத்தில் அந்தக் குறிகள் உதிர்ந்துவிடும். தீவின் பெயரும், வீட்டு முன்தாழ்வாரத்தைக் குறிக்கும் ‘லானை’ என்ற வேறு சொல்லும் ஒன்றாகத் தெரியும். தாழ்வாரத் தீவு என்று பொருள் சொல்லிவிட்டுப் போக எதுவும் தடையில்லை. மேரி கவேனா புகுயி, சாமுவேல் எல்பர்ட், எஸ்தர் மூகினி மூவரும் ஹவாய் இடப்பெயர் நூலை 1974-இல் விரித்து வெளியிட்டபோது, ஒலிப்பைச் சரியாகக் குறித்து, சொல்லின் நேர்ப்பொருள் எது, அந்த இடத்தைப் பற்றி மக்கள் சொல்லும் கதை எது என்று தெரியும்படி எழுதினார்கள். ஹொனலூலு என்றால் காற்றடங்கிய துறை. துறைமுக நகரம் ஒன்று அங்கே தன் வேலையைப் பெயரிலேயே சொல்லிக்கொண்டிருக்கிறது. நம்மிடம் ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ 1946-இலேயே வந்துவிட்டது. அந்த வழியில் தொடர்ந்து நடக்காமல், பெயரைப் பிரித்துப்போட்டு உள்ளிருந்து ஒரு பெரியவரை எடுக்கும் விளையாட்டில் இறங்கிவிட்டோம்.

மதராசுக்கும் இதே கதைதான் நடந்தது. போர்த்துகீசியக் குடும்பம் ஒன்றின் பெயரால் வந்தது என்றார்கள். மதரசாவிலிருந்து வந்தது என்றார்கள். 1367-ஆம் ஆண்டின் விஜயநகரக் காலக் கல்வெட்டு ஒன்று மாதரசன்பட்டினத்தை ஒரு துறைமுகமாகக் குறிப்பிடுவது 2015-இல் தெரியவந்தது. போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கடல்வழி கண்டதே 1498-இல். ஒரு கல், அதுவரை பேசியதில் பாதியைத் தள்ளிவிட்டது. சென்னப்பட்டினம் என்ற பெயரில் மட்டும் ஓர் ஆள் உண்மையாகவே இருக்கிறார். அவர் தாமர்ல சென்னப்ப நாயக்கர். 1639-இல் கம்பெனிக்கு இடம் கொடுத்தவர்களின் தந்தை. அவரை நாம் ஏற்றுக்கொள்வது ஆவணம் இருப்பதால்; பெயர் அழகாகப் பிரிகிறது என்பதால் அல்ல.

பெயரைப் பிரிக்கிறவர்கள் காலடிப்பேட்டைக்கு வந்து பார்க்க வேண்டும். திருவொற்றியூரை ஒட்டி, மெட்ரோ நிலையப் பலகையிலும் இருக்கிற பெயர் அது. தமிழ்ச்சொல்லாகவே ஒலிக்கிறது. கால், அடி, பேட்டை என்று பிரித்தால் ஏதோ ஒரு தெய்வத்தின் பாதம் பதிந்த இடம் என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் உள்ளே இருப்பவர் ஜோசப் காலெட். 1717 முதல் 1720 வரை கம்பெனியின் கோட்டையில் கவர்னராக இருந்தவர். நெசவாளர்களையும் துணியில் ஓவியம் எழுதுகிறவர்களையும் இங்கே குடியமர்த்தினார். ஏற்றுமதிக்குத் துணி வேண்டும். துணிக்குத் தறி வேண்டும். தறி ஓட்டுகிறவர்கள் கோட்டைக்கு எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். அதற்காகப் பிறந்த ஊர் இது. காலெட்பேட்டை என்று வைத்தார்கள். நெசவாளர் வாயில் அது காலடிப்பேட்டை ஆனது. இங்குள்ள கல்யாண வரதராஜர் கோயிலைப் பற்றி, தினமும் காஞ்சிபுரத்து வரதரை நினைத்து உருகிய துபாஷி ஒருவரின் பக்தியைக் கண்டு கவர்னரே எழுப்பித் தந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை விடுங்கள். முன்னூறு ஆண்டுகளாக ஒரு வெள்ளைக்கார கவர்னரின் பெயரை, அவரை முற்றிலும் மறந்த மக்கள் தங்கள் சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். சொல் மட்டும் போதும், ஆவணம் வேண்டாம் என்கிற வாதம் இந்த ஊர் எல்லையிலேயே விழுந்துவிடுகிறது.

இங்கே இன்னொரு கூட்டம் குறுக்கே வரும். ‘வடசென்னைக்காரர்கள் எதையும் சரியாக உச்சரிக்க மாட்டார்கள், நல்ல பெயர்களையெல்லாம் கொச்சையாக்கிவிட்டார்கள்’ என்பார்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கம்பெனி எழுத்தர்கள் நுங்கம்பாக்கத்தை ‘லுங்கம்பாக்கா’ என்றும், திருவொற்றியூரை ‘திரிவத்தூர்’ என்றும் எழுதினார்கள். அதை யாரும் கொச்சை என்பதில்லை. காலனியக் கால எழுத்துமுறை என்று மரியாதையாகச் சொல்கிறோம். தறி ஓட்டியவர் காலெட்டைக் காலடி என்றால் மட்டும் கொச்சையா? இரண்டும் ஒரே செயல்தான். அயல் ஒலியைத் தன் நாக்குக்கு வசமாக்குதல். எழுத்து கையிலிருந்தவனின் பிழை பதிவானது, உழைத்தவனின் பிழை பரிகாசமானது.

வண்ணாரப்பேட்டைக்கு வருகிறேன். நெஞ்சை அறுக்கிற இடம் இதுதான். ‘வண்ணம்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், துணிக்கு வண்ணம் ஏற்றியவர்களின் பேட்டை, வண்ணாருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று இப்போது ஒரு விளக்கம் உலவுகிறது. சொல்கிறவர்களில் நல்ல மனம் படைத்தவர்களும் உண்டு. இழிவு ஒட்டிய பெயரைக் கழுவித் தர நினைக்கிறார்கள். ஆனால் கம்பெனியின் துணி வணிகம் எப்படி நடந்தது என்று பாருங்கள். தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக இருக்கும். கஞ்சி ஏறியிருக்கும். அதை நனைத்து, அடித்து, வெயிலில் விரித்து, மறுபடி நனைத்து, வெளேரென்று ஆக்கினால்தான் ஓவியம் எழுத முடியும், சிப்பமாகக் கட்டிக் கப்பலேற்ற முடியும். வெளுப்பு சரியில்லை என்றால் சரக்கு திரும்பிவிடும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் மதராசுத் துணிக்கு இருந்த மதிப்பில் பாதி, வடக்கே வெட்டவெளியில் கல்லில் துணி அடித்தவர்களின் தோளில் இருந்தது. ஆங்கிலேயர் இந்தப் பெயரை ஒலிபெயர்க்கக்கூட இல்லை. பொருளைப் புரிந்துகொண்டு ‘வாஷர்மென்பேட்’ என்று மொழிபெயர்த்தார்கள். வண்ணம் என்று விளங்கியிருந்தால் வேறு சொல் வந்திருக்கும்.

ஒரு தொழிலாளர் கூட்டம் இந்த நகரத்தின் முதல் செல்வத்தைத் தன் கையால் வெளுத்துக் கொடுத்தது. இந்தப் பேட்டையின் பெயர்தான் அந்தக் கூட்டத்துக்குரிய ஒரே கல்வெட்டு. ‘வண்ணம்’ என்று மாற்றிச் சொன்னால் இழிவு போகாது. அந்தக் கல்வெட்டுதான் போகும். இழிவு அந்தப் பெயரைச் சொன்னவர்களின் மனத்தில் இருந்தது. தலைகுனிய வேண்டியவர்களும் அவர்களே. எழுபதுகளின் இறுதியில் தெருப்பலகைகளிலிருந்து சாதிப் பட்டங்களை அரசு நீக்கியது சரியான செயல். அவை பெரும்பாலும் சொத்துள்ளவர்களின் பட்டங்கள். வண்ணாரப்பேட்டை என்ற பெயர் தங்களைப் புண்படுத்துகிறது, மாற்ற வேண்டும் என்று அந்தச் சமூகத்தார் கேட்டால், அது அவர்கள் உரிமை; வெளிப்படையாகப் பேசி மாற்றுவோம். வரலாற்றைத் திருத்தி எழுதி, அவர்கள் அங்கே இருந்ததே இல்லை என்று ஆக்குவது அவர்களுக்குச் செய்யும் நன்மை அல்ல.

ராயபுரத்திலும் இதே திருட்டு நடக்கப் பார்க்கிறது. விஜயநகரத்து ராயரின் பெயரால் அமைந்த ஊர் என்று சிலர் சொல்கிறார்கள். ராயர் என்றதும் அரசகளை வந்துவிடுகிறது அல்லவா? ஆனால் ராயபுரத்தின் ராயர் ராயப்பர். தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர், பேதுரு ராயப்பர். புதிய விவிலிய மொழிபெயர்ப்புகளில் ‘பேதுரு’ நிலைத்துவிட்டதால் இன்றைய பிள்ளைகளுக்கு ராயப்பர் யார் என்று தெரியவில்லை. அந்த மறதிக்குள் ராயர் புகுந்துகொண்டார். 1829-இல் எழுந்த புனித ராயப்பர் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் குருகுல வம்சத்துப் படகுக்காரர்கள். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. அதற்கான வேலை தொடங்கியதே 1870-களில்தான். கப்பல் தூரத்தில் நிற்கும். நடுவில் அலை உடையும். கயிற்றால் தைத்த பலகைகளாலான மசூலாப் படகுகளில்தான் ஒவ்வொரு சிப்பமும், ஒவ்வொரு கவர்னரும், ஒவ்வொரு சிப்பாயும் கரை சேர வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துவிடும். தைத்த படகுதான் வளைந்து கொடுக்கும். அப்படிப் படகு ஓட்டியவர்கள், மீன்பிடித்து வாழ்ந்த ஒரு சீடரைத் தங்கள் பாதுகாவலராக வைத்துக்கொண்டார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன இருக்க முடியும்? இந்தக் கரையில் தங்கியிராத ஓர் அரசனிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பெயர்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். பொய்யான விளக்கம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நகர்கிறது. துணி வெளுத்தவர், படகு ஓட்டியவர் போன்றோரிடமிருந்து பெயரை எடுத்து வண்ணத்துக்கோ, ஞானிக்கோ, முனிவருக்கோ, மன்னருக்கோ தருகிறது. வியாசர்பாடி என்றால் வியாச முனிவரே வந்து தங்கியதாகச் சொல்வது அதன் உச்சம்.

‘மக்கள் கதை சொல்கிறார்கள், சொல்லட்டுமே, நம்பிக்கையில் கைவைக்கலாமா?’ என்று கேட்பார்கள். திருவொற்றியூரைப் பாருங்கள். அரசன் அனுப்பிய வரியோலையில் ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று இறைவனே வரிகளுக்கு இடையில் எழுதிச் சேர்த்தார், அதனால் அவர் எழுத்தறியும் பெருமான் என்று தலபுராணம் சொல்கிறது. அந்தக் கதையை நான் ஒரு சொல்கூட மாற்ற மாட்டேன். அது தன்னைப் புராணம் என்று சொல்லிக்கொண்டுதான் நிற்கிறது. பக்கத்திலேயே வரலாறும் நிற்கிறது. தேவாரம் பாடியவர்கள் ஒற்றியூர் என்றே பாடியிருக்கிறார்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் இந்தக் கோயிலின் விமானத்தைக் கல்லில் எழுப்பிய இரவி என்ற வீரசோழத் தச்சனின் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. மன்னன் பெயரோடு தச்சன் பெயரும் வந்த அருமையான கல்வெட்டு அது. பாணினியின் இலக்கணம் சொல்லிக்கொடுத்த வியாகரண மண்டபம் இருந்த தலமும் இதுதான். புராணமும் கல்லும் ஆயிரம் ஆண்டுகளாக அருகருகே இருந்து ஒன்றையொன்று கெடுக்கவில்லை. கெடுப்பது, கதை வரலாற்றின் சட்டையைப் போட்டுக்கொண்டு அறிவிப்புப் பலகையில் ஏறும்போதுதான்.

‘ஆங்கிலேயன் வரும் வரை வடசென்னை வெறும் மணல்மேடு’ என்கிற பேச்சுக்கும் இந்தப் பெயர்களே பதில். 1708-இல் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து ஊர்கள் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. 1742-இல் கிடைத்தவற்றில் எர்ணாவூரும் சடையன்குப்பமும் உண்டு. ஊர், பாக்கம், பாடி, காடு, குப்பம் என்று எல்லாம் ஏற்கெனவே குடியேறிப் பெயர் வைக்கப்பட்ட இடங்கள். பாக்கத்தையும் பட்டினத்தையும் நெய்தல் நிலத்து ஊர்ப்பெயராக நம் இலக்கண நூல்கள் எப்போதோ வகுத்துவிட்டன. தாழங்குப்பம் என்றால் அந்த மணலில் தாழை நின்றது என்று எவரும் விளக்காமலே தெரிகிறது. கம்பெனி சேர்த்தவை பேட்டைகள், நகரச் சுவரின் மூலைக்கு வந்த மூலக்கொத்தளம், சுவருக்கென்று திட்டமிட்டு வசூலிக்காமலே போன வரிக்கு வந்த வால்டாக்ஸ் சாலை. பிற்காலம் சேர்த்தது விம்கோ நகர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் தீப்பெட்டி ஆலை. மெட்ரோ பாதையில் அந்தப் பெயர் ஓடுகிறது. அங்கே கந்தகத்தோடும் குச்சியோடும் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அந்த நிலையத்தில் இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விம்கோவுக்கும் ஒரு முனிவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவற்றையெல்லாம் விட அவசரமானது ஒன்று உண்டு. எழுத்தில் ஏறாத பெயர்கள். எண்ணூர்க் கழிமுகத்திலும், பழவேற்காடு வரை நீளும் நீர்ப்பரப்பிலும், எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று மீனவர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொண்ட பாடுகள் உண்டு. நீரின் ஒவ்வொரு வளைவுக்கும், ஆழத்துக்கும், மணல்திட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. வாடை, கச்சான், கரைக்காற்று என்று காற்றுக்கே இத்தனை பெயர் வைத்தவர்கள் அடிநிலத்தைப் பெயரில்லாமல் விட்டிருப்பார்களா? அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து கொசஸ்தலையாற்றின் ஆழம் குறைந்துவிட்டது. மீன் போன இடத்தில் வலை போடுவதில்லை. வலை போடாத இடத்தின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் பாதுகாக்கப்பட்ட நீர்நிலையாக இருந்த கழிமுகம், பின்னாளில் காட்டப்பட்ட வேறொரு வரைபடத்தில் காணாமல் போனது என்று மீனவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். வரைபடத்தில் பெயரில்லாத நீரை நிலம் என்று எழுதிவிடுவது எளிது.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி என்று இறங்குகிற மாணவர்களும், தமிழ்த்துறைகளும், மாநகராட்சியும் முதலில் போக வேண்டியது காட்டுக்குப்பத்துக்கும் முகத்துவாரக்குப்பத்துக்கும். அங்கே எழுபது வயதைக் கடந்த பாட்டிகளும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். அவர்களோடு படகில் ஏறி, ஒவ்வொரு பாட்டின் பெயரையும் அவர்கள் சொல்கிறபடியே, அவர்கள் ஒலிப்பிலேயே, தேதி போட்டு எழுத வேண்டும். யார் சொன்னார், எந்தக் குப்பம், எந்த ஆண்டு வரை அங்கே வலை விழுந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அடுத்த முறை கடலோர மேலாண்மைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வரும்போது அந்தப் பட்டியலை ஆட்சேப மனுவோடு இணைத்துக் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் வரைபடத்தில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.